இரும்பில் அடித்த ஐந்து ரூபாய்

நாணயம் சேர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் இரண்டு கட்சி இருக்கும். பழைய காசுதான் அழகு என்பது ஒன்று, புதுக் காசுதான் நேர்த்தி என்பது இன்னொன்று. நான் பழைய கட்சி. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஐந்து பைசா சதுரம், இருபது பைசா அறுகோணம், பத்து பைசாவுக்கு வளைந்து வளைந்து போகிற விளிம்பு. இருட்டில் பைக்குள் கையை விட்டாலும் எது எது என்று விரல் சொல்லிவிடும். இப்போது வருகிற ஒன்று, இரண்டு, ஐந்து எல்லாம் வட்டம். கதிர் படம் போட்டிருக்கிறார்கள், படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு சட்டம் போட்டு மாட்டுகிற சாமானா? கையில் புழங்குகிறது. வரைந்தவர்கள் விரலை மறந்துவிட்டார்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தே என் சேகரிப்பில் பாதியைச் சேர்த்தேன். பளபளவென்று ஒரு காசு விழுந்தால் அதை எடுத்துக்கொண்டு என் காசைப் போட்டுவிடுவேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு அப்போதே நன்றாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

என் அக்கா பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். வாழைப்பழம், சோடா, கடலை மிட்டாய். சர்க்கரை நோய் அவள் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து அவள் மகன் வந்தபோது, திரும்பிப் போக இரண்டு டிக்கெட் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கடையை மூடிவிட்டு அம்மாவைக் கூட்டிப்போவது என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

"யாரக் கேட்டு எனக்கு டிக்கெட் போட்ட?" என்றாள் அக்கா.

"கண்ணு தெரியாம எப்படிம்மா காசு வாங்குவிய? ஏமாத்திட்டுப் போயிருவானுவ."

"போன்ல காசு போட்டா எவ்வளவுன்னு அந்தப் பெட்டி சத்தமா சொல்லுது. நோட்டு நீள அகலத்துல தெரியுது."

"சில்லறை?"

எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷமாய்க் காசைத் தடவிக்கொண்டிருக்கிறவள் நான் பக்கத்தில் இருக்கும்போது என் அக்கா சில்லறைக்குப் பயந்து ஊரை விட்டுப் போவதா?

"திருவிழா முடியட்டும்லே. அதுக்குள்ள இவளுக்கு நான் பழக்கி விடுதேன்" என்றேன்.

"சரி சித்தி. நான் கூடவே உக்காந்து பாக்கேன். தப்பு விட்டா டிக்கெட் டிக்கெட்டுதான்."

என் பெட்டியிலிருந்து எல்லா வகையிலும் ஆக நல்ல காசுகளாக எடுத்துப் போனேன். பத்து ரூபாயில் நடுவில் வளையம் சேருமிடம் நகத்தில் படும். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். ஒரு ரூபாய் சின்னது. அதெல்லாம் உடனே பிடிபட்டது. வம்பு இரண்டிலும் ஐந்திலும்தான். புது இரண்டு ரூபாயும் கொஞ்சம் பழைய ஐந்து ரூபாயும் ஒரே அகலம். முந்தைய இரண்டும் இப்போதைய ஐந்தும் ஒரே அகலம். கண் உள்ளவர்களுக்கு ஐந்து மஞ்சள், இரண்டு வெள்ளை. கண் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று எந்த மகராசனும் யோசிக்கவில்லை. நான் விளிம்பைப் பிடித்துக் காட்டினேன், எழுத்தின் மேட்டைக் காட்டினேன். அக்கா கெட்டிக்காரி. இரண்டு நாளில் ஒன்று விடாமல் சொன்னாள். நான் காலரைத் தூக்கிவிடாத குறைதான்.

மறுநாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கரிவலம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா பழம் வாங்கினாள். மீதி இரண்டு ரூபாய்க்கு அக்கா ஐந்து ரூபாயைக் கொடுத்தாள். "அஞ்சு ரூவால்லா தந்துருக்கிய" என்று அந்த அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்து வந்தவன் ஐந்து என்று சொல்லி இரண்டை நீட்டினான். அக்கா தடவிப் பார்த்துவிட்டு வாங்கிப் போட்டாள். அவன் போய்விட்டான்.

அக்காவே சொல்லிவிட்டாள். "தேஞ்சு போய் எல்லாம் ஒண்ணுபோல இருக்குட்டி. நான் போறேன். விடு."

அவள் அப்படிச் சொன்னது எனக்கு நெஞ்சில் குத்தியது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் புரிந்துபோயிற்று. நான் பழக்கிவிட்டதெல்லாம் யார் கையும் படாத காசு. விளிம்பு கத்திபோல இருக்கும். பஸ் ஸ்டாண்டில் புழங்குகிற காசு எங்கே, இது எங்கே? சேர்க்கிறவளுக்குத் தேய்ந்த காசு காசே இல்லை, ஒதுக்கித் தள்ளிவிடுவாள். மூளை அப்படிப் பழகிக் கிடக்கிறது.

அந்தப் பெட்டி மூலையிலேயே ஒரு காந்தம் கிடந்தது. வெள்ளி ரூபாய் என்று சொல்லி இரும்பை விற்க வருகிறவர்களைப் பிடிப்பதற்காக வைத்திருப்பது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு ரூபாய் எஃகு, ஐந்து ரூபாய் பித்தளை. எவ்வளவு தேய்ந்தாலும் உலோகம் மாறுமா?

காந்தத்தைக் கொண்டுபோய்க் கல்லாப் பலகைக்கு அடியில் ஒட்டிவிட்டேன். "அதுக்கு மேல காசை வச்சு நகத்து. இழுத்தா ரெண்டு. வழுக்கிட்டுப் போனா அஞ்சு."

அக்கா வைத்தாள், நகர்த்தினாள். மறுபடி வைத்தாள். முகம் மாறியது.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்று எச்சரித்தேன். "கொஞ்ச காலம் அஞ்சு ரூவாயையும் இரும்புல அடிச்சான். இப்ப அதிகம் வராது. காந்தம் அத ரெண்டுன்னு சொல்லும். ஆனா ரெண்டவிட கனமா இருக்கும், தூக்கிப் பாத்துக்கோ." என்னிடம் இருந்த ஒன்றை அவள் கையில் கொஞ்ச நேரம் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

அன்று முழுக்க அவள் தப்பே விடவில்லை. அக்கா மகன் அப்படியும் மசியவில்லை. ஊருக்குப் புறப்படுகிற அன்றைக்குச் சாயங்காலம் என்னைத் தனியே கூப்பிட்டு, "சித்தி, அந்த இரும்பு அஞ்ச குடுங்க" என்றான். மறுத்தால் நான் தோற்ற மாதிரி. கொடுத்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஒருவரிடம் அதைக் கொடுத்து, இரண்டு ரூபாய்க்குக் கடலை மிட்டாய் வாங்கச் சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் காட்டாமல் நின்றோம்.

அக்கா காசைப் பலகையில் வைத்தாள். காந்தம் இழுத்தது. மிட்டாய் பாட்டிலை நோக்கிக் கை போயிற்று. பாதியில் நின்றது. காசைத் திரும்ப எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றித் தடவினாள்.

"அண்ணாச்சி, இது அஞ்சு. ஆனா இது ஊருல புழங்குன காசு இல்ல. ஓரம் அறுக்குது. என் தங்கச்சி பெட்டிக் காசு. குடுத்து விட்டவன் பக்கத்துலதான் நிப்பான், மிட்டாய அவன்கிட்டயே குடுங்க."

வாங்க வந்தவர் திருதிருவென்று எங்களைப் பார்த்தார். அக்கா மகன் போனை எடுத்தான். டிக்கெட்டைத் தேடி எங்கெங்கோ அமுக்கினான்.

"ஒரு டிக்கெட்ட ரத்து பண்ணுதேன்மா" என்றான்.

"என்னுதப் பண்ணு. பதட்டத்துல உன்னுதப் பண்ணிராத" என்றாள் அக்கா. "பாத்து அமுக்கு. உனக்குக் கண்ணு இருக்குல்லா."