கொள்ளி வைத்தவர்

தம்பி காத்மாண்டுவில் காய்ச்சலில் இறந்துபோனான். நியூசிலாந்துக்கு எங்களிடம் அனுப்பிவைப்பதாகச் சொல்லி ஏஜென்சிக்காரன் அவனை அங்கே மாதக்கணக்கில் இருத்தி வைத்திருந்தான். ஓக்லாந்தில் உடலைக் காணாமலே முப்பத்தோராம் நாள் சடங்கைச் செய்தோம். அதற்குப் பிறகும் அம்மா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு ஆர் கொள்ளி வைச்சது?"

எனக்குத் தெரியாது. தெரிந்ததையும் நான் சொல்லவில்லை. பெரிய வெள்ளைத் தூபி ஒன்றின் பின்னால், புத்த மடம் கொடுத்த அறையில்தான் தம்பி இருந்தான். தூபியின் உச்சியில் நாற்புறமும் கண்கள் வரைந்திருக்குமாம். பின்னேரங்களில் சனத்தோடு சனமாக அதைச் சுற்றுவானாம். சுற்றுகிறவனிடம் பொலிஸ் பாஸ்போட் கேட்காது என்று போனில் சிரித்தான். சாப்பாடும் மடத்தில்தான். எனக்கே அது தொண்டையில் இறங்கவில்லை. ஊரில் அண்ணாவைச் சிங்கள ஆமி சுட்ட பிறகு எங்கள் வீட்டில் புத்தர் என்ற பேச்சே கிடையாது. கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்று அம்மாவிடம் சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தேன்.

சில மாதங்களில், தம்பியோடு அந்த அறையில் இருந்த பெடியன் ஓக்லாந்து வந்து சேர்ந்தான். பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே மறித்துக் கேட்டேன்.

"மடத்துப் பிக்கு ஒருத்தர்தான் வைச்சவர், அக்கா. எங்களை விட வயசு குறைவு. விசா இல்லாமல் நான் சுடலைக்குப் போயிருந்தா பிடிச்சிருப்பாங்கள்."

"நீ வைச்சதெண்டு சொல்லு. அம்மா தாங்கமாட்டா."

தலையாட்டினான். ஆனால் அம்மா தேத்தண்ணி கொடுத்து, அவன் குடித்து முடியும்வரை பொறுத்திருந்து கேட்டபோது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு அழுதான். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அம்மா அவன் குடித்த கோப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"தலை மழிச்சிருந்ததோ?"

"ஓம் அம்மா. பிக்குமார் எல்லாரும் மழிக்கிறவைதானே."

"கொள்ளி வைக்கிறவன் மழிக்கத்தானே வேணும். முறையாத்தான் நடந்திருக்கு."

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை கோயிலில அந்தப் பிள்ளையின்ர பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யவேணும். பேர் என்ன, நட்சத்திரம் என்ன எண்டு கேள்."

"பேர் தெரியும் அம்மா," என்றான் அவன். "நட்சத்திரம் தெரியாது."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப தம்பியின்ர நட்சத்திரத்தைச் சொல்லுவம்."