வலது கைக்கு எத்தனை சதவீதம்?

வேலையில் கை, கால் இழந்தவர்களுக்கு உதவித்தொகை வாங்கித் தரும் வக்கீல் நான். இந்தத் தொழிலில் பல்லைக் கடித்துக் கடித்தே எனக்குத் தாடைவலி வந்துவிட்டது. ஏதாவது ஒரு ஆபீஸ் பெஞ்சில் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். சேர்ந்தே கடிப்போம்.

நடக்காத விபத்து

முனிரத்னா சூளகிரிப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். ஜூஜுவாடி பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஹெல்பர். தகடு எடுத்துக் கொடுப்பது, தரையைக் கூட்டுவது, அவ்வளவுதான் வேலை. ஒரு நாள் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர் வரவில்லை. சூப்பர்வைசர் இவளை அங்கே நிறுத்தினார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களெல்லாம் போய்விட்டன.

காப்பீட்டில் உதவித்தொகை கேட்க, விபத்து வேலை நேரத்தில் நடந்தது என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். தரவில்லை. நானே நேரில் போனேன். எச்.ஆர். அதிகாரி மோர் வரவழைத்துக் கொடுத்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “அவங்க ஹெல்பர் மேடம், மெஷின்ல கை வைக்க அவங்களுக்கு அதிகாரமே கிடையாது. எங்க ரூல்படி பார்த்தா இந்த விபத்து நடந்திருக்கவே முடியாது.”

களி கிண்டிய குற்றம்

நோட்டீஸ் அனுப்பி, புகார் கொடுத்து, ஒருவழியாக அந்த ரிப்போர்ட்டை வாங்கினோம். அடுத்தது மெடிக்கல் போர்டு. ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர்கள் போடுகிற கணக்கை வைத்துத்தான் உதவித்தொகை. உள்ளதை உள்ளபடி சொல்லு என்று அவளிடம் சொல்லி அனுப்பியவள் நான்.

“வீட்ல சமையல் யாரும்மா?” என்று ஒரு டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். முனிரத்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான்தான் சார். களிகூடக் கிண்டறேன்.” பானையைக் காலால் அணைத்துக்கொண்டு இடது கையாலேயே களி கிண்டப் பழகியிருந்தாள். முதல்முறை கட்டியில்லாமல் வந்த அன்று எனக்குப் போன் போட்டுச் சொன்னவள் அவள். டாக்டர் பாராட்டினார். பாராட்டிவிட்டுச் சதவீதத்தைக் குறைத்துப் போட்டார். நான் வராந்தாவில் மடக்கிக் கேட்டபோது, “களி கிண்டற கைக்கு இதுக்கு மேல எப்படிங்க போடறது?” என்றார். கிண்டியது இன்னொரு கை என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. படியிறங்கும்போது முனிரத்னா மெதுவாகக் கேட்டாள்: “அப்போ வீட்டுல எல்லாரையும் பட்டினி போட்டிருந்தா நல்ல சர்டிபிகேட் குடுத்திருப்பாரா மேடம்?”

டீக்கடைச் சட்டம்

எதிரே டீக்கடை. கிளாஸைக் கையில் வாங்குவதற்குள் ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. உள்ளே நடந்தது முழுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே ஆளைப் பிடித்துக் கொஞ்சம் செலவழித்தால் ஊனக் கணக்கைக் கூட்டித் தரலாம் என்றார். நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எனக்குப் புரியவில்லையே என்று வருத்தப்பட்டுச் சொன்னார்: “நீங்க சட்டம் பேசுங்க மேடம், நான் சதவீதம் பேசறேன்.”

சாட்சிக் கூண்டு

அப்பீல் போனோம். விபத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லக் கம்பெனியும் வந்து நின்றது. அதன் வக்கீல் எனக்குத் தெரிந்தவர்தான். வெளியே பார்த்தால் பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார். கூண்டில் நின்றவளை எடுத்த எடுப்பில் ஒருமையில் அழைத்தார். “உன் வேலை இல்லைன்னு தெரிஞ்சும் மெஷினை ஏன் தொட்டே? தப்பு உன்னோடதுதானே?”

நான் ஆட்சேபிக்க எழுந்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள். குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தை நடுங்கவில்லை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். “தொடலைன்னா நாளையிலிருந்து கம்பெனி பஸ்ல ஏறாதேன்னு சொன்னாங்க சார். உங்ககிட்ட யாராவது அப்படிச் சொல்லியிருக்காங்களா?”

வெற்றி

ஜெயித்தோம். மறுபடி பரிசோதித்து, சதவீதத்தைக் கூட்டி, மாதாமாதம் பணம் வரும்படி உத்தரவாகிவிட்டது. முனிரத்னா ஓசூரில் மாடியில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்தாள். இத்தனை காலம் மேடம் என்றவள் அன்றைக்குத்தான் அக்கா என்றாள். ரொம்ப நாள் கழித்து ஒரு கேஸில் மனசு நிறைந்து உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது கதவருகே நின்று, நல்ல சேதி சொல்வது போலத்தான் சொன்னாள்: “என் இடத்துல எங்க ஊருப் பொண்ணு ஒருத்தியப் போட்டிருக்காங்க அக்கா. எதுக்கும் இருக்கட்டும்னு அவகிட்ட உங்க நம்பரக் குடுத்திருக்கேன்.”

வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எனக்கு அந்தக் கஷ்டமே இல்லை, கம்பெனிகளே அதைப் பார்த்துக்கொள்கின்றன.