கப்பலில் வந்த துடக்கு

பிள்ளை வருவதற்கு முன் பிள்ளைக்கென்று ஒரு துணித்துண்டுகூட வாங்கி வைக்கக் கூடாது என்பது யாழ்ப்பாணத்தில் எங்கள் நீர்வேலியில் எழுதாத சட்டம். வயிறு எட்டு மாதத்தில் நிற்கும், பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், ஆனால் வீட்டில் ஒரு சின்னச் சட்டை இருக்காது. வாங்கி வைத்தால் கண்பட்டுவிடும். பிள்ளை பிறந்த பிறகுதான் ஆளுக்கொரு பக்கமாக ஓடி எல்லாவற்றையும் வாங்குவார்கள். நானும் அந்தச் சட்டத்தை மதிப்பவள்தான். ஆனால் எனக்குப் பிள்ளை வந்தது ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலில். அதற்கு அரசாங்கம் வைத்திருந்த சட்டம் நேர்மாறானது. எல்லாம் முதலே ஆயத்தமாக இருக்க வேண்டும், அதை ஓர் ஆள் வந்து கண்ணால் பார்த்து எழுத வேண்டும். இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் அகப்பட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அது எண்பத்துநாலாம் ஆண்டு. கப்பல் ஓடப் போகும் கடைசி வருசம் அதுதான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. எனக்கு முப்பத்தெட்டு வயது, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. என் கணவர் வாழைத்தோட்டக்காரர். வாழையோடு கதைக்கிற அளவுக்கு மனிசரோடு கதைக்க மாட்டார். கலியாணமான நாளிலிருந்து நாங்கள் போகாத கோயிலும் இல்லை, நான் சண்டை பிடிக்காத டொக்டரும் இல்லை. கடைசியில் என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதர் ஒருவர், திருச்சியில் வேலை பார்த்தவர், ஊருக்கு வந்தபோது அங்கே ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்த பெண்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். ஒரு வயது நிறையவில்லை. யாரைக் கண்டாலும் எட்டி மூக்கைப் பிடிப்பாளாம். அந்த ஒரு செய்தியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

ஏன் கடல் கடந்து போகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. இங்கே ஒரு பிள்ளையை எடுத்தால் தாய் ஆர், தகப்பன் ஆர், எவடம், என்ன பகுதி என்று பொழுதுபடுவதற்குள் ஊர் துருவி எடுத்துவிடும். கடலுக்கு அங்கால் போய்த் துருவுவதற்குச் சைக்கிள் ஓடாது. கேட்டவர்களுக்கெல்லாம் இதை அப்படியே சொன்னேன். பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாக வந்தது, பெரியத்தான் ஒருவரைத் தவிர. அவர் என் கணவரின் தமையன். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர், தங்கையைப் பக்கத்து ஊர் கோப்பாயில் கட்டிக்கொடுத்தவர், அந்தப் பொறுப்பிலேயே கலியாணம் கட்டாமல் இருந்துவிட்டவர். பக்கத்து வளவில்தான் குடியிருந்தார். விடிந்தால் வேலியில் ஆள் நுழையுமளவு இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து எங்கள் வளவுக்குள் வந்து என் கையால் தேத்தண்ணி குடித்த பிறகுதான் அவருக்கு நாள் தொடங்கும்.

ஊரில் அவருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. பிள்ளையார் கோயிலில் ஐந்தாம் திருவிழா அவருடைய உபயம். தகப்பனிடம் இருந்து கைக்கு வந்தது, ஒரு வருசமும் அவர் தவறவிட்டதில்லை. மற்றப் பெருமை துடக்கு. ஒரு வீட்டில் பிறப்போ இறப்போ நடந்தால் தகப்பன் வழிச் சொந்தம் எல்லாருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. அவர்கள் கோயில் வாசலை மிதிக்க முடியாது, மற்றவர்கள் அந்த வீட்டில் வாய் நனைக்க மாட்டார்கள். யாருக்கு உண்டு, யாருக்கு விட்டுப்போனது என்று சந்தேகம் வந்தால் ஐயரிடம் போக முதல் பெரியத்தானிடம்தான் வருவார்கள். லண்டனில் செத்தவருக்கு இங்கே எத்தனை மணிக்குத் துடக்குத் தொடங்கும் என்பதற்குக்கூட அவரிடம் விடை இருந்தது.

எங்கள் செய்தியைக் கேட்டதும், "கப்பலிலை ஏத்தி இறக்கிறதுக்குப் பிள்ளை என்ன வெங்காயமோ?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் காலமை வேலிப் பொட்டால் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப் போனது.

என் கணவர் ஒடிந்துபோனார். "அண்ணை ஏற்காத பிள்ளையை இந்த ஊரிலை ஆர் ஏற்கப் போயினம்? காது குத்தவும் கலியாணம் பேசவும் அண்ணையெல்லே முன்னுக்கு நிக்க வேணும். நாங்கள் செத்தால் அவளுக்கு ஆர் இருக்கினம்?" என்றார். அந்த வருசம் அவர் வாயிலிருந்து வந்த ஆக நீளமான பேச்சு அது. உங்கடை அண்ணையைக் கேட்டோ சூரியன் உதிக்குது என்று நான் சீறினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். பிள்ளையைக் கப்பலில் கொண்டுவந்துவிடலாம், சொந்தத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

இந்த நிலையில்தான் வீடு பார்க்க நன்னடத்தை அலுவலகத்தில் இருந்து ஓர் அம்மா வந்தார். தத்துப் பிள்ளைகளின் விசயம் பார்ப்பதும் அந்த அலுவலகம்தான், குற்றம் செய்து கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், எச்சரித்து விடப்பட்டவர்களைக் கண்காணிப்பதும் அதே அலுவலகம்தான். ஊருக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். சந்தியில் நின்று அவர் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டதுதான் தாமதம், பக்கத்து வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்னடி செய்தவர் உன்ரை மனுசன்? ஆரையேனும் வெட்டிப் போட்டாரோ?"

"ஓமக்கா, ரெண்டு வாழைக்குலை" என்றேன்.

வந்த அம்மா கோப்பாய்க்காரி. கிணற்றை எட்டிப் பார்த்தார், கட்டு உயரமா என்று பார்த்தார், குசினியைப் பார்த்தார். பிறகு, "பிள்ளை எங்கை படுக்கும்?" என்று கேட்டார். நான் மேலே கூரையைத் தாங்கும் வளையைக் காட்டினேன். அவரும் அண்ணாந்து பார்த்தார். வெறும் மரம்தான் இருந்தது.

"அதிலை ஒண்டையும் காணேல்லையே."

"பிள்ளை வந்தாப் பிறகு சேலையைக் கட்டினால் ஏணை. வர முதல் கட்டலாமோ? உங்கடை வீட்டிலை கட்டுவியளோ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு விளங்குது. நான் வளை உறுதியாய் இருக்குது எண்டு எழுதலாம். ஆனால் அங்கை திருச்சிக் கோட்டிலை இருக்கிற நீதவானுக்கு வளை விளங்குமோ? தொட்டில் ஒண்டை நான் கண்ணாலை பாத்தால்தான் எழுதலாம்."

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேகமாக ஓடும். "தொட்டில் இருக்குது, பக்கத்து வீட்டிலை வைச்சிருக்கிறம்" என்று ஒரே போடாகப் போட்டேன். அக்காவின் கடைக்குட்டி தொட்டிலை விட்டு எழும்பிப் பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டான், தொட்டிலில் அவர்கள் அப்போது வெங்காயம் காய வைத்திருந்தார்கள். அந்த அம்மா அங்கே போய், வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, தொட்டிலை ஆட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார். இன்னொருவர் வீட்டில் வெங்காயத்தோடு இருக்கும் தொட்டில் எந்தக் கண்ணிலும் படாது என்பதால் அக்காவுக்கும் பரம திருப்தி.

கடைசியாக, "குடும்பத்திலை எல்லாருக்கும் சம்மதமோ?" என்ற கேள்வி வந்தது. வேலிக்கு அங்கால், பழுதில்லாத கதியால் தடியைப் பெரியத்தான் வெகு நேரமாகத் திருத்திக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவரையே கேட்டுவிட்டார்.

"தம்பி குடிக்க மாட்டான்" என்றார் பெரியத்தான். "ஆரோடையும் சண்டையெண்டு கொழுவ மாட்டான்."

"நான் கேட்டது, உங்களுக்குச் சம்மதமோ எண்டு."

"தங்கச்சிதான் கொழுவுவாள். ஆனால் நல்லாச் சமைப்பாள்" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கதியாலோடு போய்விட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். வீட்டைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார், ஏனென்றால் கொஞ்ச நாளில் திருச்சியில் இருந்து வரச்சொல்லிச் செய்தி வந்தது.

புறப்பட முதல் நான் பெரியத்தானின் வளவுக்குப் போனேன். சம்மதம் கேட்டால் மழுப்புவார் என்று தெரியும். ஆகவே வேறு வழியால் போனேன்.

"அத்தான், துடக்கு விசயமாய் ஒரு சந்தேகம்."

துடக்கு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "கேள் தங்கச்சி, கேள்."

"கப்பலிலை வாற பிள்ளைக்குத் துடக்கு உண்டோ, இல்லையோ?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. இல்லை என்றால் அவள் எங்கள் பிள்ளை இல்லை. உண்டு என்றால் அது தம்பியோடு நிற்காது, அவரையும் பிடிக்கும். பிள்ளை வந்து சேரும் நாளில் இருந்து எண்ணினால் ஐந்தாம் திருவிழா அந்த முப்பத்தொரு நாளுக்குச் சரியாக நடுவில் வந்து விழும். நான் வேண்டுமென்றே நாள் பார்த்தேன் என்று பிறகு ஊர் சொன்னது. நாளைத் தீர்மானித்தது கோடும் கப்பலும்தான். ஆனால் அதை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது.

"பஞ்சாங்கம் பாக்க வேணும்" என்றார் பெரியத்தான். பஞ்சாங்கம் அவர் தலைக்கு மேலேதான் ஆணியில் தொங்கியது. அவர் எழும்பவில்லை.

கேள்வி சங்கக்கடைக்கும் வந்துவிட்டது. சீனிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பண்டிதர்களானார்கள். பிறந்து இவ்வளவு நாளாகிவிட்டதால் துடக்குத் தானாகவே கழிந்துவிட்டது என்றார் ஒருவர். உப்புத்தண்ணியைத் தாண்டினால் எந்தத் துடக்கும் நிற்காது என்றார் இன்னொருவர். நீதவான் கையெழுத்துப் போட்ட நேரம்தான் பிறந்த நேரம், அதற்குச் சாதகமே எழுதலாம் என்றார் ஒரு பென்சன்காரர். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு மனுசி, "பெத்தால்தானே துடக்கு" என்றார்.

"அப்ப தகப்பன் வழி ஆம்பிளையளுக்கு ஏன் துடக்கு? அவையும் சேந்தோ பெத்தவை?" என்று கேட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த மனுசிக்குச் சீனியைச் சரியாகத்தான் நிறுத்தேன், ஆனால் அவர் நம்பவில்லை.

திருச்சியில், இல்லத்தில் அவளை என் கையில் தந்தபோது என் மூக்கை அவள் பிடிக்கவே இல்லை. நெடுநேரம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு எட்டி என் கணவரின் மூக்கைத்தான் பிடித்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கப்பலில் இரண்டு தரம் குடித்த பாலை என் சேலையில் சத்தி எடுத்த பிறகு, களைத்துப்போய், போனால் போகிறது என்பதுபோல என் மூக்கையும் பிடித்தாள். தலைமன்னாரில் சுங்கக்காரர் பையைத் திறந்து பால்போத்தலையும் ஈரச் சேலையையும் கண்டு உடனே மூடிவிட்டார். மதவாச்சியில் ரயில் மாறி, யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் பிடித்து வீட்டு வாசலில் இறங்கியபோது, அக்கா ஒரு கையில் ஆலாத்தித் தட்டோடும் மறுகையில் தொட்டிலோடும் நின்றார். "இப்ப இது உங்கடை" என்றார். தொட்டிலில் கொஞ்ச நாள் வெங்காய வாசம் இருந்தது.

ஊர் முழுக்கப் பிள்ளை பார்க்க வந்தது. வந்தவர்கள் கொஞ்சினார்கள், மூக்கைக் கொடுத்தார்கள். ஆனால் நான் தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். துடக்கு வீடா இல்லையா என்று தெரியாமல் எப்படிக் குடிப்பது? "பெரியவர் என்ன சொன்னவர்?" என்று மெல்லக் கேட்பார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலிப் பொட்டில் அவருடைய தலைகூடத் தெரியவில்லை. என் கணவர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு காலமையில் அந்தப் பொட்டுக்கு நேரே நிற்பார், பிறகு தோட்டத்துக்குப் போய்விடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியத்தானை மனதுக்குள் என்னென்னவெல்லாமோ பேசினேன்.

கோயிலில் கொடியேறியது. ஐந்தாம் திருவிழா அன்று மத்தியானத்துக்குப் பிறகு கோயிலில் தவிலும் நாதசுரமும் தொடங்கின. இந்நேரம் பட்டு வேட்டியோடு பெரியத்தான் வசந்த மண்டபத்தில் முன்னுக்கு நிற்பார் என்று நினைத்தேன். அப்போது வேலிப் பொட்டு அசைந்தது. பழைய சாரமும் தோளில் துவாயுமாகக் குனிந்து வந்து, எப்போதும் இருக்கும் மர வாங்கில் இருந்தார்.

நான் கேட்டேன்: "அத்தான், இண்டைக்கு உங்கடை திருவிழா எல்லே?"

ஒன்றும் தெரியாத சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "துடக்கோடை எப்பிடிக் கோயிலுக்குப் போறது? உதுகூடத் தெரியாதோ உனக்கு?"

துவாயை உதறி மடியில் விரித்தார்.

"கோப்பாயிலை கட்டின தங்கச்சியின்ரை மனுசனைச் செய்யச் சொல்லிப் போட்டன். அவருக்கு எங்கடை துடக்கு இல்லை" என்றார். பிறகு தம்பியைப் பார்த்து அதட்டினார். "என்னடா நிக்கிறாய்? என்ரை பெறாமகளைத் தா இஞ்சை. தங்கச்சி, தேத்தண்ணியைப் போடு. துடக்கு வீட்டிலை துடக்குக்காரன் குடிக்கலாம்."

என் கணவர் பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டு வாழைகளுக்குள் போய்விட்டார். நான் குசினிக்குள் நின்று அழுதேன். புகை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை, மண்ணெண்ணெய் அடுப்பு.

தேத்தண்ணியோடு வெளியே வந்தபோது கோயில் மணி அடித்தது. அவருடைய சாமிக்கு அவர் இல்லாமல் தீபம் காட்டுகிறார்கள். பெரியத்தான் வாங்கில் இருந்தபடியே கோயில் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கைகூப்பினார். மடியில் இருந்தவள் அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தாள், எட்டி அவருடைய மூக்கை இறுக்கிப் பிடித்தாள். மணி ஓயும் மட்டும் அவர் கண்ணைத் திறக்கவும் இல்லை, அந்தக் கையை எடுத்துவிடவும் இல்லை.