போன் நம்பருக்காக ராஜகிரி ஏற வைத்த கதை

யூரியா மூட்டையின் நெடி, தகர ஷீட்டின் கொதிக்கும் சூடு... என் முதல் ஆபீஸ் என்றால் மூக்குக்கு முதலில் அதுதான் ஞாபகம் வருகிறது.

செஞ்சியில் ஒரு உரக்கடையின் மாடி. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். கீழே நெல் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

சென்னையில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஊரிலேயே வெப்சைட் செய்து பிழைக்கலாம் என்று வந்து உட்கார்ந்திருந்தேன். நைனாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"உரக்கட மாடில குந்திகினு இன்னாமா பண்ற? பொங்கல் வரிக்கும் பாரு. ஒண்ணும் ஆவலனா மெட்ராசுக்குக் கெளம்பு."

பொங்கல் வரைதான் கெடு. கையில் இருந்ததோ ஒரே ஒரு கிளையண்ட். திருவண்ணாமலை ரோட்டில் புதிதாக லாட்ஜ் திறந்திருந்த வசந்தா அக்கா.

அந்த நாளில் விளையாட்டுத்தனமான சைட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியமாகிக் கிடந்தேன். ஒன்றில் மெனுவே கிடையாது. ஒரு குட்டி ரயில் ஓடும், எந்த ஸ்டேஷனில் இறங்குகிறோமோ அந்தப் பக்கம் திறக்கும். இன்னொன்றில் அலமாரியின் இழுப்பறைகளை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே போனால் வெளியே வர மனசே வராது.

நானும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை நின்றுகொண்டிருந்தது. நம்மூரிலேயே ரெடிமேடாக ஒரு மெனு இருக்கிறதே என்று தோன்றிவிட்டது.

சனியன் பிடித்தது அங்கேதான்...

அக்காவின் லாட்ஜ் சைட் மலையடிவாரத்தில் திறக்கும். ஸ்க்ரோல் செய்தால் மேலே மேலே ஏறும். எழுத்தே கிடையாது, கோட்டைப் படங்கள் மட்டும். ரூம் பார்க்கக் குதிரை லாயம். சாப்பாட்டுக்கு நெற்களஞ்சியம். குளிக்கிற வசதிக்கு ஆனைக்குளம். போன் நம்பர் உச்சியில், பீரங்கிக்குள்.

உரக்கடை அண்ணனைக் கூப்பிட்டு, சாப்பாடு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். மவுஸைக் கையில் வாங்கியவர் நேராகக் களஞ்சியத்துக்குப் போய்விட்டார்.

"சோறு இன்னா குதிர லாயத்துலயா இருக்கும்?" என்று என்னையே கேட்டார்.

டீக்கடைக்காரர், சித்தி, சித்தியோடு வந்த பக்கத்து வீட்டம்மா... எல்லோரும் தட்டுத்தடங்கல் இல்லாமல் கண்டுபிடித்தார்கள். பீரங்கியைக்கூட. பள்ளிக்கூட நாளிலிருந்து ஏறி இறங்கிய மலை, தெரியாமல் இருக்குமா? நானோ உலகத்துக்கே புரியும் டிசைன் என்று பூரித்துப்போனேன். செஞ்சிக்காரன் எவன் செஞ்சியில் லாட்ஜ் எடுத்துத் தங்கப் போகிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சைட் போட்டு நாட்கள் ஓடின. ஒரு போன்கூட வரவில்லை. பிறகு பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம், நம்பர் கிடைக்காமல் நேரே லாட்ஜ் வாசலில் வந்து இறங்கியது. அக்கா எனக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, குதிர லாயத்துலயா படுக்க வப்பீங்கனு கேக்கறாங்க. நான் இன்னானு பதில் சொல்றது?"

"அக்கா, அது ஒரு கிரியேட்டிவ்..."

"நம்பர் வோணும்னா பீரங்கிய அமுக்கணும்னு பெங்களூர்காரனுக்கு எப்டிம்மா தெரியும்? கீழயே போடு. பெருசா போடு. செவப்புல போடு."

"மலை ஏறுறதுதாங்க்கா அதுல விஷயமே."

"நீ ஏறு. வர்றவன ஏன் ஏற வுட்ற?"

சண்டை போட்டேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பொங்கலை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். ரத்தச் சிவப்பில் ஒரு போன் நம்பர், நான் பார்த்துப் பார்த்து வரைந்த கோட்டை வாசலை அப்படியே மறைத்துக்கொண்டு. படங்களுக்குக் கீழே 'அறைகள்', 'சாப்பாடு' என்று எழுத்து வேறு. வந்த எரிச்சலில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.

போன் வர ஆரம்பித்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பொங்கல் லீவுக்கு லாட்ஜ் நிரம்பி வழிந்தது. அதைக் கேள்விப்பட்டு அரிசி மில்காரர், போட்டோ ஸ்டூடியோக்காரர் என்று ஒவ்வொருவராக மாடி ஏறி வந்தார்கள். நைனா மெட்ராஸ் பேச்சை விட்டுவிட்டார். நான் ஊரிலேயே தங்கிவிட்டேன்.

இன்று அதே செஞ்சியில் ஏசி போட்ட ஆபீஸ். ஆனால் வேலை?

வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான், மூலையில் அந்த மூன்று கோடு. அதைத் தட்டினால் முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு. நகைக்கடைக்கும் அதே, பல் ஆஸ்பத்திரிக்கும் அதே. கொஞ்சம் விளையாடிப் பார்க்கலாமா என்று கேட்டால், "அதெல்லாம் வேணாங்க, எதிர் கடைல இருக்கற மாரியே போட்ருங்க" என்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்க நான் எதற்கு? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வாரம் வசந்தா அக்கா வந்திருந்தார். லாட்ஜுக்கு இப்போது எல்லாமே ஆப்பில் புக்கிங். பழைய சைட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, செல்போனில் சரியாகத் திறப்பதுகூட இல்லை. தூக்கிவிடலாம் அக்கா என்று நானே சொன்னேன்.

அக்கா செல்போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"தூக்காத. வெரல வச்சித் தள்ளுனா பாதி மலையில நின்னுடுது. அத மட்டும் சரி பண்ணிக் குடு."

"இப்ப யாருக்கா அதப் பாக்கறாங்க?"

"நாந்தான் பாக்கறேன். முட்டி போச்சில்ல... மல ஏறி எத்தினி வருசம் ஆவுது. கல்லாப் பொட்டியாண்ட குந்திகினு இதுல ஏறிட்டு எறங்குறேன்."

இத்தனை வருஷமும் பார்க்கிற இடத்திலெல்லாம் அந்தப் பீரங்கியைச் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கிய மனுஷி. பிடித்திருக்கிறது என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னவாம்... கேட்கத்தான் நினைத்தேன். அதற்குப் பதில் செல்போனை வாங்கி, மலை எங்கே நின்றுவிடுகிறது என்று தள்ளிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உட்கார்ந்து பழைய கோடிங்கைத் தோண்டிச் சரிசெய்தேன். இப்போது விரலால் தள்ளினால் உச்சி வரை ஏறுகிறது. போகிற போக்கில் அந்தச் சிவப்பு நம்பரையும் எடுத்துவிட்டேன். கோட்டை வாசல் இத்தனை வருஷம் கழித்துப் பளிச்சென்று தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் போன்.

"ஏம்மா, கீழ இருந்த நம்பர் எங்க?"

"மேல பீரங்கில இருக்குதுக்கா. ஏறுங்க."