ஜப்லாவுக்கு அடியில் எதை வைப்பது?

சூடான இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் செய்தித்தாளின் மை வாசனை...

பட்டாபிராம் வீட்டில் என் மதியங்கள் அந்த வாசனையோடுதான் தொடங்கின. எம்பிராய்டரி மெஷின் வாங்கிய புதிது. துணிக்கு அடியில் விறைப்பாக எதையாவது வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பளம் பொரிந்த மாதிரி துணி சுருங்கிவிடும் என்பது வரைக்கும் தெரியும். அந்த எதையாவது, முதலில் செய்தித்தாள்தான்.

பலன்? வெள்ளைத் தலையணை உறையில் ரோஜாப்பூவைச் சுற்றி 'மணமகள் தேவை' விளம்பரம் இடம் வலமாக மாறிப் பதிந்துவிட்டது. என் கணவர் ஒரு வாரம் அதில்தான் தலை வைத்துத் தூங்கினார். "யாராவது அமைஞ்சாங்களா?" என்று தினமும் காலையில் கேட்பேன்.

கீழ் வீட்டில் ஷமீம் இருந்தாள். என் வயதுதான். பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டு வேலை முடிந்ததும் மேலே வந்துவிடுவாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவளுடைய அம்மா இறந்து, நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்திருந்தது.

ஒரு நாள் துணிப்பையோடு வந்தாள். உள்ளே அவள் அம்மாவின் வெள்ளைத் துப்பட்டி. வெளியே போகும்போது போர்த்திக்கொள்வது. துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது.

"பொறக்கிற கொயந்தைக்கு மொதல்ல பயைய துணிதானே போடுவாங்க. இதுல ஒரு ஜப்லா தெச்சு, நெஞ்சாண்ட சின்னதா மல்லிப்பூ போட்டுக் குடுடி."

சரி என்று வாய் சொல்லிவிட்டது. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் தைத்துப் பார்த்தோம். ஊசி குத்திய வரிசையிலேயே தபால்தலை மாதிரி துணி கிழிந்து வந்தது.

ஷமீம் அந்தத் துண்டை எடுத்துத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கெடுத்துவிட்டால் வேறு வாங்கித் தரக்கூடிய துணியா அது?

அப்புறம் ஆரம்பித்தது எங்கள் அலைச்சல். ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து பாரிஸ் கார்னர். எம்பிராய்டரி சாமான் விற்கும் கடைக்காரர், துணிக்கு அடியில் வைக்கவென்றே வரும் தாளில் மூன்று சுருள்களை எடுத்துப் போட்டார்.

"கியிக்கிறது, வெட்றது, தண்ணில கரையறது... மூணு கீது. உன்னிது இன்னா துணிம்மா?"

"எங்கம்மா துணி" என்றாள் ஷமீம்.

அவர் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் மூன்றிலும் ஒவ்வொரு முழம் வெட்டித் தந்தார்.

கிழிக்கிற ரகத்தைக் கிழிக்கும்போது துணியும் கூடவே வந்துவிடும். வெட்டுகிற ரகம் பின்னால் அப்படியே தங்கிவிடும்... பச்சைப்பிள்ளையின் நெஞ்சில் அந்தச் சொரசொரப்பா? கரைகிற தாளைத்தான் மலை மாதிரி நம்பினோம். ஐப்பசி மழையில் அதை அடுப்படி அலமாரியில் வைத்த என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல!

"இன்னாடி இது, அல்வா மாரி கீது" என்று ஷமீம் விரலில் ஒட்டிக்கொண்டதை உருட்டிக் காட்டினாள்.

கணவரின் பழைய வேட்டியைக் கிழித்துக் கிழித்துச் சோதனை செய்தோம். வெளியே மழை. உள்ளே மெஷினின் ஒரே மாதிரியான சத்தம். நடுநடுவே ரயில் போகும். ஷமீம் தரையில் படுத்துக்கொண்டு அவள் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள். அம்மா ரசத்தில் உப்பை மறப்பது... பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் குழந்தை மாதிரி சிரிப்பது... கேட்டுக்கொண்டே நான் ஊசியில் நூல் கோப்பேன். மணி நான்கானதே தெரியாது.

மாதங்கள் ஓடிவிட்டன. ஷமீமுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியது. அக்கா வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கிளம்ப அவளுக்கு நான்கே நாள். ஜப்லா இன்னும் துணியாகவே இருந்தது.

அன்றும் தரையில் படுத்திருந்தாள். முகத்தின் மேல் துப்பட்டி. துணிக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"ஜப்லாவ வேற துணில தெய்யி. இத்த அடியில வெச்சுரு."

"அடியில வெச்சா யாருக்குமே தெரியாதேடி!"

"எங்கம்மா எந்த போட்டோலயும் முன்னாடி நின்னதில்ல. பின்னாடியே இருக்கட்டும். கொயந்த மேல படப்போறது அந்தப் பக்கந்தானே?"

நான் கத்திரிக்கோலை எடுத்தேன்.

துப்பட்டியின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் வெட்டினோம். இரண்டாக மடித்து, ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கி, காயவைத்து இஸ்திரி போட்டால் அட்டை மாதிரி நின்றது. நாலைந்து முறை அலசிய மல் துணிக்கு அடியில் அதை வைத்துத் தைத்தேன். மெல்லிய ஊசி, நெருக்கமில்லாத தையல். ஐந்து மல்லிமொட்டு. ஒரு சுருக்கம் இல்லை. தண்ணீரில் போட்டதும் கஞ்சி கரைந்து போக, பின்பக்கம் பழையபடி மெத்தென்று ஆகிவிட்டது. ஷமீம் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா போனதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது அந்தக் குழந்தை எட்டாம் வகுப்பு. ஷமீம் வானகரத்தில் இருக்கிறாள்.

என்னிடம் ஒரு அலமாரி நிறைய சுருள்கள் இருக்கின்றன. பனியன் துணியா, வெட்டுகிற ரகம். டவலா, மேலே கரைகிற தாள், அடியில் கிழிக்கிற ரகம். தொட்டுப் பார்த்து ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடுவேன். தனியாகத்தான் தைக்கிறேன். பக்கத்தில் படுத்துக்கொண்டு கதை சொல்ல யாரும் இல்லை.

போன வாரம் போனில் ஷமீமிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இப்ப இருக்கிற சாமானும் கைப்பழக்கமும் அப்ப எங்கிட்ட இருந்திருந்தா, உன் ஜப்லாவ ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்திருப்பேன்டி."

"நல்லவேள... அப்போ இல்ல" என்றாள்.