கூரை தெரியாத வேலி

பூங்கா வடிவமைப்பு படிக்கும் எங்களைத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தலவாக்கலைப் பக்கம் ஒரு ஹோட்டல் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த உயரமான செடிவேலியை விரிவுரையாளர் புகழ்ந்து தள்ளினார். அதைக் கத்தரித்துக்கொண்டிருந்த ஒல்லியான அக்கா, நாலு வெட்டுக்கு ஒருமுறை வந்து விருந்தினர் பெஞ்சில் உட்கார்ந்து வேலியை உற்றுப் பார்த்தார்.

"என்னக்கா பாக்குறீங்க?"

"பின்னால எங்க லயத்து வரிசை வீடு இருக்குங்க தம்பி. கூரை தெரியுதான்னு பாக்குறேன். இங்க உக்கார்றவங்க கண்ணுல பட்டா எனக்குத்தான் ஏச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப உங்க வாசலுக்கு வெயில்?"

"வராதுங்க. உடுப்பு காயாது. புள்ளைக்கு இருமலும் நிக்கல."

"எல்லாரும் இந்த வேலியை வரையுங்க!" என்று விரிவுரையாளர் கத்தினார்.

அக்கா சட்டென்று எழுந்து எனக்கு இடம் விட்டார். "இங்கேருந்து வரைங்க தம்பி. இங்கேருந்துதான் அழகா தெரியும்."

உட்கார்ந்து, கூரை தெரியாமல் இலை இலையாக வரைந்துகொடுத்த இந்தக் கையை இன்றைக்கும் வெட்டிப்போடலாம் போலிருக்கிறது.