சத்தமில்லாமல் வந்த பைக்

என் கணவர் மஞ்சள்காமாலையில் இறந்த பிறகு, மண் பாதையில் ஓட்டுவதற்காக அவர் ஆசையாக வாங்கிய பைக்கில் மாமனார்தான் மோகனூர்க் கரும்புக் காட்டுக்குப் போய்வந்தார். எஞ்சினில் கல் அடிக்காமலிருக்க அதன் அடியில் ஒரு அலுமினியத் தகடு மாட்டியிருக்கும். வண்டி ஓடும்போது அது கடகடவென்று அதிரும். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே என்னையறியாமல் வாசலுக்கு ஓடுவேன். மாமனாரைப் பார்த்ததும்தான் கணவர் இல்லை என்ற நினைவு வரும். அப்படியே உள்ளே திரும்பிவிடுவேன்.

ஒருநாள் மாலை துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மாமனார் எதிரில் நிற்கிறார். தெருமுனையில் அந்தக் கடகடச் சத்தமே கேட்கவில்லை.

"வண்டி ரிப்பேருங்களா மாமா?"

"இல்ல சாமி. பழைய டியூப்பை வெட்டித் தகட்டுக்கு மேல வெச்சு, போல்ட்டை முறுக்கிட்டேன். இனிமே சத்தம் வராது."

"எதுக்குங்க மாமா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெனமும் நீ ஓடியாந்து பாக்குற. வந்து நிக்கிறது நானா இருக்கேன். என்னால தாங்க முடியல அம்மிணி."

என் துக்கம் மட்டுமே பெரிது என்று அதுவரை இருந்துவிட்டேன். வாசலில் என் முகம் வாடுவதைத் தினமும் பார்த்து நின்றவர், மகனைப் பறிகொடுத்த தகப்பன் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன், அவருக்காக.